பருத்திப்பட்டு ஏரியும் பிரஸ் கார்டும்

காலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கப் போனேன். ஒரு லாரி ஏரிக்குள் கழிவுநீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. போனில் வீடியோ எடுத்தேன்.

டிரைவர் இறங்கி வந்தார். "இன்னாக்கா எடுத்துகினு கீற? பிரஸ் கார்டு கீதா?"

"இல்ல. ஏரிக்கரையில நின்னு எடுக்க கார்டு எதுக்கு? பேச்சுரிமை எல்லாருக்கும் ஒண்ணுதான். பிரஸ்ஸுக்குன்னு சட்டத்துல தனியா எதுவும் எழுதல."

அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீடியோவை இங்கே என் பக்கத்தில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு டிவி நிருபர் போன் செய்தார். "மேடம், அந்த வீடியோவ நாங்க யூஸ் பண்ணிக்கலாமா?"

"தாராளமா. என் பேரு போடுவீங்கல்ல?"

"'சமூக வலைதளத்தில் பரவும் காட்சி'ன்னு போடுவோம் மேடம்."

அதற்கு அப்போது விழுந்திருந்ததே நான்கு லைக்.

பெயர் போட்டால்தான் தருவேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பிரஸ்ஸும் மற்றவர்களும் ஒன்றுதான் என்று லாரி டிரைவருக்கே உடனே புரிந்த சட்டம், நிருபருக்குப் புரிய எவ்வளவு நேரமாகும் என்று நினைக்கிறீர்கள்?