பச்சை என்று அதற்கு யார் சொன்னது?

எங்கள் பேட்ச்சின் வாட்ஸ்அப் குழுவுக்கு ‘லேட் லத்தீஃப்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். சிப்புக்குள் ஓடும் சிக்னல் நேரத்துக்கு வருகிறதா என்று பார்க்கிற படிப்புக்கு, ஒருத்தர்கூட நேரத்துக்கு வராத கூட்டம் நாங்கள். போன வாரம் அந்தக் குழுவில் மாரி எழுதினான்: “வத்சலா அக்கா போயிட்டாவ.” நான் யோசிக்கவே இல்லை. “எங்க, கல்யாண் ஸ்டேஷனுக்கா, கர்ஜத் ஸ்டேஷனுக்கா?” என்று தட்டிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மாரியே போன் செய்தான். “ஏலே இசக்கி, வெளாட்டு இல்லல. காலைல அடுக்களைல நின்னவங்க அப்படியே விழுந்துட்டாவளாம். மூளையில ரத்தக் கசிவுங்காங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள...”

அக்காவின் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்: என் கேள்வி இன்னும் அந்தக் குழுவில் அப்படியே கிடக்கிறது. அழித்துவிடலாம் என்று இரண்டு தடவை விரலை வைத்தேன். அக்காவைப் பற்றி நான் கேட்ட கடைசிக் கேள்வி, பதில் வராமல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மும்பை செம்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் பயிற்சி மையம். எஃப்பிஜிஏ என்கிற சிப்பைப் பற்றிய மாலை வகுப்பு. கடையில் வாங்கும்போது அந்தச் சிப்புக்கு ஒரு வேலையும் தெரியாது. நாம் எழுதிக் கொடுக்கிறபடி உள்ளே தன்னைத் தானே இணைத்துக்கொள்ளும். டிப்ளமா படிக்கும் பொடியன்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த அந்த வகுப்பில், முதல் நாள் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் பையோடு வந்து நின்றார். நான் எழுந்து, “ஆன்ட்டி, பேரன்ட்ஸ் மீட்டிங் அடுத்த வாரம்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்படியா? அப்போ உங்கப்பாவை வரச் சொல்லு. உன்னைப் பத்தி நிறையப் பேச வேண்டியிருக்கும் போலிருக்கே” என்றார். வகுப்பில் காலியாக இருந்த ஒரே இடம் என் பக்கத்தில். அன்றிலிருந்து வத்சலா அக்காவும் நானும் ஜோடி. மாட்டுங்காவில் வீடு, கணக்குப் பார்த்துவந்த ஆபீஸை மூடிவிட்டார்கள், புதிதாக ஏதாவது படித்துத்தான் வேலை தேட வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

ஒரு நாள் நான் லேபின் சுவர்க்கடிகாரத்தின் முள்ளை முன்னால் நகர்த்தி வைத்தேன். குல்கர்னி சார் அதைப் பார்த்துத்தான் வகுப்பை முடிப்பார். அன்றைக்கும் பார்த்தார், பெருமூச்சு விட்டார், பலகையைத் துடைத்தார். எல்லோரும் மூட்டையைக் கட்டினோம். அக்காவும் எங்களோடு நல்ல பிள்ளையாக இறங்கி வந்தார். ஜெராக்ஸ் கடை வாசலில் என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

“டேய் இசக்கி, மணி எட்டாச்சுன்னு அந்தக் கடிகாரத்துக்கு யாருடா சொன்னா?”

“அக்கா, மேலயே கேட்டிருக்கலாம்லா?”

“எனக்கும்தான் சீக்கிரம் ஆத்துக்குப் போகணும்.”

அவருடைய அந்தக் கேள்வியை நான் முதல் தடவை கேட்டது அன்றுதான். பிறகு எதைப் பார்த்தாலும் அதையே கேட்டார். அதற்கு யார் சொன்னது?

வீடு திரும்பும்போது செம்பூரிலிருந்து குர்லா வரை ஹார்பர் வண்டி, அங்கே பாலம் ஏறி இறங்கி அடுத்த வண்டி. நான் சயானில் இறங்கித் தாராவிக்கு நடப்பேன். அக்காவுக்கு அடுத்த ஸ்டேஷன். அவர் லேடீஸ் டப்பாவில் ஏறிவிடுவதால் எங்கள் பேச்செல்லாம் பிளாட்பாரத்திலும் குர்லா பாலத்திலும்தான். நாங்கள் இரண்டு பேரும் இந்தப் படிப்பைப் புரிந்துகொண்டது அந்தப் பாலத்தில்தான் என்று சொன்னால் குல்கர்னி சார் கோபித்துக்கொள்வார். ஆனாலும் உண்மை.

“செட்டப், ஹோல்டுன்னு ரெண்டு சொல்றாரே, எதுக்குடா தனித்தனியா?” என்று ஒரு நாள் கேட்டார்.

“சயான்ல எறங்கணும்னா வண்டி நிக்கதுக்கு முன்னாலயே வாசலுக்கு வந்து நிக்கணும்லாக்கா? அது செட்டப். நின்ன பொறவு கம்பியை உடனே விட்டுட்டா, ஏறுதவன் நம்மளத் திருப்பி உள்ள தள்ளிருவான். ஒரு நிமிசம் இறுக்கிப் பிடிக்கணும். அது ஹோல்டு.”

அக்கா பாலத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்களை இந்தியில் திட்டினார்கள்.

“சரி. சயான் வரப்போறதுன்னு உள்ளே நிக்கறவனுக்கு யார் சொன்னா?”

“நாமதான் சொல்லணும். கடிகாரம் இந்த வேகத்துல அடிக்கும், இந்த டிக்குல கெளம்புன சிக்னல் அடுத்த டிக்குக்குள்ள போய்ச் சேரணும்னு நாமதான் எழுதிக் கொடுக்கணும். சாஃப்ட்வேர் அதை வச்சு ஒவ்வொரு பாதையா அளந்து பார்க்கும்.”

“நாம எழுதிக் குடுக்கலேன்னா?”

“பார்க்காது.”

“பார்க்கலேன்னா என்ன சொல்லும்?”

“தப்பே இல்லன்னு சொல்லும்.”

“அடப்பாவி!” என்றார் அக்கா. என்னைச் சொன்னாரா சாஃப்ட்வேரைச் சொன்னாரா என்று கேட்பதற்குள் வண்டி வந்துவிட்டது, அவர் லேடீஸ் டப்பாவுக்கு ஓடிவிட்டார்.

எங்கள் புராஜெக்ட் ஓர் எல்ஈடி பலகை. தமிழ் எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓட வேண்டும். சாஃப்ட்வேர் அளந்து தரும் ரிப்போர்ட்டில் சிவப்பு என்றால் சிக்னல் தாமதம், பச்சை என்றால் எல்லாம் நேரத்தில். எங்கள் ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. லேபில் எழுத்துகள் அழகாக ஓடின. பெருமை தாங்காமல் பலகையை மாரியின் அப்பாவுடைய தையல் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மாரி வேறு ஜோடி, ஆனால் பட்டறை அவனுடையது. மே மாதம், தகரக் கூரை. கொஞ்ச நேரம் ‘வணக்கம்’ ஓடியது. பிறகு வணக்கம் உடைந்து உதிர்ந்தது. மாரியின் அப்பா மெஷினை நிறுத்திவிட்டு, “என்னல இது, வணக்கமும் சொல்லுது, வாந்தியும் எடுக்குது?” என்றார்.

குல்கர்னி சார் கேபிள் என்றார். கேபிளை மாற்றினோம். பவர் சப்ளை என்றார். அதையும் மாற்றினோம். சூட்டில் சிப் மெதுவாகும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் பச்சை காட்டுகிறது என்று அவரே பாடம் நடத்தியிருந்தார். அக்கா ரிப்போர்ட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, பச்சை என்று இதற்கு யார் சொன்னது என்று கேட்டுவிட்டு, சாஃப்ட்வேருக்கு நாங்கள் நேரக் கட்டுப்பாடுகளை எழுதிக் கொடுக்கும் ஃபைலைத் திறந்து, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். அதை யாரும் படிக்க மாட்டார்கள். முந்தின பேட்ச்சிடம் வாங்கிப் போட்டுக்கொள்வதோடு சரி. கடைசிக்கு முந்தின வரியில் அவர் குரல் நின்றது. ‘இந்தப் பாதைகளை அளக்காதே’ என்று சொல்கிற வரி. எந்தப் பாதைகள் என்ற இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. ஏறக்குறைய எல்லாப் பாதைகளும் அதில் அடங்கிவிட்டன.

“இதை யார் போட்டா?”

நான் இல்லை. முந்தின பேட்ச் பையனுக்குப் போன் போட்டேன். அவன் அதற்கு முந்தின பேட்ச்சைக் காட்டினான். அவன் அவனுக்கு முந்தினவனை. ஆதி மூலம் கிடைக்கவே இல்லை. குல்கர்னி சாரிடம் போனால், “சப் லோக் யஹீ டால்தே ஹைன்” என்றார். எல்லோரும் போடுகிறார்கள், ஆகையால் போடு. அக்கா வரியை எடுத்துவிட்டு ஓட்டினார். திரை முழுக்கச் சிவப்பு. நாங்கள் பச்சையாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நான் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

சிரிக்கும் நிலையில் அவர் இல்லை. டெமோவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. எல்ஈடி பலகை செய்கிற ஒரு கம்பெனி அன்று வந்து இரண்டு பேரை எடுக்கப் போகிறது. நான் டிப்ளமா முடிக்கவே இன்னும் காலம் இருந்தது, எனக்கு அது விளையாட்டு. அவருக்கு அப்படியில்லை. “என் வயசுக்காரியை இன்னொரு தரம் யார்டா கூப்பிடப் போறா?” என்று அவரே சொல்லியிருந்தார்.

“அக்கா, டெமோ ஏசில தான. அந்த ஸ்டாரை ஒரே ஒரு நாளுக்குத் திருப்பிப் போட்டிருவோம். வேலை கெடச்ச பொறவு எடுத்துக்கலாம்” என்றேன்.

“வேலை கிடைச்சா நான் ஏசில இருப்பேன். பலகை வெயில்லதானே இருக்கும்?”

உட்கார்ந்து சரிசெய்தோம். ஒரே மூச்சில் ஓடிப் போய்ச் சேர முடியாத சிக்னலுக்கு நடுவில் ஒரு குர்லா வைத்தோம். இறங்கி, அடுத்த டிக்கில் ஏறிப் போகட்டும் என்று. சிவப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஒன்றைத் தவிர. அந்த ஒரு கோடு என்ன செய்தாலும் மாறவில்லை.

டெமோ அன்று எல்லா ஜோடிகளின் ரிப்போர்ட்டும் பச்சை, மாரியுடையதும் சேர்த்து. எல்லோரிடமும் அதே நட்சத்திரம். நட்சத்திரம் வேண்டாம் என்று அக்கா சொல்லிப் பார்த்ததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்களுடையதில் மட்டும் ஒரு சிவப்பு. கம்பெனிக்காரர் அதில் விரலை வைத்து, “மேடம், யே லால் க்யோன் ஹை?” என்றார். ஏன் சிவப்பு?

“மாலூம் நஹீன் சார். டூண்ட் ரஹீ ஹூன்.” தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். அக்கா அதை நேர் பார்வையோடு சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் வியர்த்தது. கம்பெனிக்காரர் தலையாட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். மாரியையும் இன்னொருவனையும் எடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் மாரிக்காக அக்காதான் எல்லோருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். பிளாட்பாரத்தில் அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வருத்தமா இருக்காக்கா?”

“இருக்காதா பின்னே? அழுகையா வர்றது.” பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “ஆனா அந்த ஒரு கோடு ஏன் சிவப்பா இருக்குன்னு தெரியலையே, அதுதாண்டா அரிக்கறது” என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். வேலை கைநழுவிய அன்றைக்கு ஒருவருக்கு இது எப்படி அரிக்க முடியும்? எனக்கு இன்றுவரை அது ஆச்சரியம்தான்.

அடுத்த கோடையில் மாரியின் கம்பெனி திறந்தவெளியில் மாட்டிய ஒரு பலகை, பகல் உச்சியில் எழுத்தை உதிர்த்தது. அங்கேயும் முதலில் கேபிளைத்தான் மாற்றினார்கள். மாரி தயங்கித் தயங்கி அந்த ஃபைலைத் திறந்து, நட்சத்திரத்தைக் காட்டி, இதைக் கண்டுபிடித்த அக்கா ஒருவர் இருக்கிறார் என்று சொன்னான். “வோ லால்வாலீ மேடம்?” என்று கேட்டாராம் டெமோவுக்கு வந்திருந்த அதே அதிகாரி. சிவப்புக்கார மேடம். அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். அலுவலக நண்பர்களே, நீங்கள் அவரை ‘லால் மேடம்’ என்று கூப்பிட்டுவந்தீர்கள். அவர் புடவை நிறத்தால் வந்த பெயர் என்று உங்களில் சிலர் நினைத்திருப்பதாக மாரி சொன்னான். பெயர் வந்த கதை இதுதான்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது குர்லா பாலத்தில். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் காலரைப் பிடித்தது.

“கண்டுபிடிச்சுட்டேண்டா!”

“எதை?”

“நம்ம சிவப்பை! அது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கற சுவிட்சுலேர்ந்து வர்ற பாதைடா. பலகையை மாட்டறச்சே ஒரு தரம் கையால திருப்பறது. அப்புறம் யாரும் தொடறதே இல்லை. அது ஒரு டிக் லேட்டா வந்தா யாருக்கு என்ன?”

“அப்போ அதை அளக்காண்டாம்னு அன்னைக்கே எழுதியிருக்கலாமே! ஸ்டார் இல்லாம, அதுக்கு மட்டும். ரிப்போர்ட்டு பச்சையாயிருக்கும், வேலையும் கெடச்சிருக்கும்!”

“எழுதியிருக்கலாம்தான். ஆனா அன்னிக்கு எனக்குத் தெரியாதே.”

“எழுதியிருந்தாலும் சரியாத்தான இருந்திருக்கும்?”

“தெரியாம எழுதினா, சரியா இருந்தாலும் காப்பிதாண்டா அது.” சிரித்தார். “இப்போ எங்க ஆபீஸ்ல அந்த மாதிரி ஒரு வரி எழுதினா, யார் சொன்னா, ஏன் சொன்னான்னு மேலே எழுதாம விடமாட்டேன். எல்லாரும் என்னைத் திட்டறா.” அவருடைய வண்டி வந்துவிட்டது. ஓடினார்.

நேற்று மாரியும் நானும் ஜெராக்ஸ் கடை மாடிக்குப் போய், எங்கள் பழைய புராஜெக்டைத் திறந்து ஓட்டினோம். அந்த ஒரு சிவப்புக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஃபைலின் கடைசியில் நான் ஒரு வரி சேர்த்தேன்: அந்தச் சுவிட்சின் பாதையை மட்டும் அளக்காதே. அதற்கு மேலே, சாஃப்ட்வேர் படிக்காத, ஆனால் அடுத்து வருகிறவன் படிக்க வேண்டிய குறிப்பு ஒன்றைத் தமிழிலேயே எழுதினேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான். முதல் தடவையாக அதற்குப் பதிலும் என் கையில் இருந்தது.

ஓட்டினோம்.

“பச்சைல!” என்றான் மாரி.

“யாருல சொன்னா?” என்றேன்.

அவன் திரையில் குறிப்பைத் தேடி வாய்விட்டுப் படித்தான். “சொன்னது: வத்சலா அக்கா, குர்லா பாலத்தில்.”