முன் சக்கரத்தின் மேல் ஒரு கல்

இன்று காலை என் பிக்கப்பின் முன் டயர் மேல் ஒரு சின்னக் கல் உட்கார்ந்திருந்தது. செஞ்சியில் கல்லுக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்பீர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைதான், வாஸ்தவம். ஆனால் ரோட்டில் தெறிக்கிற கல் டயரின் உச்சியில் ஏறிப் பக்குவமாக உட்காராது. யாரோ வைத்த கல் அது. யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அதே இடத்தில் ஒரு காலத்தில் நானும் கல் வைத்திருக்கிறேன்.

அதைச் சொல்வதென்றால் ஏழுமலை அண்ணனிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஈரச் சேறும் கிரீஸும் கலந்து ஒரு வாடை வருமே, அது மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் அவர் ஞாபகம்தான். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கொல்லைக்காட்டில் போர்வெல் மோட்டார் நின்றுபோனாலும் அவருக்குத்தான் போன் வரும். வெளியே தூக்கிப் பழுது பார்த்து மறுபடி இறக்கிக் கொடுப்பார். கொல்லைக்கு ரோடா போட்டு வைத்திருக்கிறார்கள்? அதற்காகவே நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பிக்கப் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார். அதற்கு டிரைவர் நான். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருவேன்.

அந்த வண்டியில் ஒரு சங்கதி உண்டு. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் உள்ளே உட்கார்ந்துகொண்டு கியரைப் போட்டால் மட்டும் போதாது. கீழே இறங்கி, முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் வட்டத் திருகைக் கையால் திருப்ப வேண்டும். இந்தப் பக்கம் திருப்பினால் ஃப்ரீ, அந்தப் பக்கம் திருப்பினால் லாக். சக்கரத்துக்கு ஒரு திருகு. இரண்டும் லாக்கில் இருந்தால்தான் சேற்றில் பிழைக்கலாம். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஃப்ரீக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங் கனக்கும், டீசலும் கூடக் குடிக்கும்.

சேற்றைப் பார்த்ததும் இரண்டு பேரும் இறங்குவோம். இடது சக்கரம் அவருக்கு, வலது சக்கரம் எனக்கு. பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து "லாக்கா?" என்பார். நான் "லாக்கு" என்பேன். நானும் கேட்பேன், அவரும் சொல்வார். அவர் திருப்பியதை நானோ நான் திருப்பியதை அவரோ சுற்றி வந்து பார்த்ததே கிடையாது. நான் யார் தெரியுமா? தராசு முள்ளைப் பார்க்காமல் தக்காளி வாங்காதவன். இவன் தூங்கும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருப்பான் என்று எங்கள் நைனாவே சொல்வார். அப்பேர்ப்பட்டவன் அந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே நம்பினேன். அது எனக்கே ஆச்சரியம்தான்.

ஒரு மழைக்காலத்தில் பனமலை ஏரிக்கரையோரம் ஒரு கொல்லைக்குப் போய், நான்கு சக்கரமும் புதைந்து, கடைசியில் டிராக்டர் வந்து இழுத்தது. நாள் முழுக்க நனைந்ததில் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. வண்டிக்குத் திருஷ்டி என்று முடிவு கட்டிவிட்டார் அண்ணி. அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசல் தெளிக்கும் கையோடு வண்டியையும் கழுவி, பானெட்டிலும் சக்கரங்களிலும் மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டிவிடுவார். வண்டியும் கொஞ்ச நாள் கல்யாணப் பெண் மாதிரிதான் ஊருக்குள் போய் வந்தது.

சனியன் பிடித்ததும் அதற்குப் பிறகுதான். ஒருநாள் காலை நான் போனபோது அண்ணன் வலது சக்கரத்துக்கு எதிரில் குந்தியிருந்தார். முகம் சரியில்லை. "நேத்து ஃப்ரீல தானே உட்ட? இப்ப லாக்குல கெடக்குது. ராத்திரி வண்டி எங்க போச்சு?" என்றார்.

எங்கும் போகவில்லை என்றேன். அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரிந்தது. ஆற்று மணல் திருட்டுத்தனமாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆற்றுக்குள் இறங்க லாக் இல்லாமல் முடியாது. வீட்டில் ஆணியில் தொங்குவது ஒரு சாவி. இன்னொன்று, விடியற்காலையில் அவரை எழுப்பாமல் வண்டியை எடுக்க வசதியாக, என் இடுப்புக் கயிற்றில் இருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை நான்தானே? மணல் வண்டி என்று பிடிபட்டால் அவருக்கு வண்டி போகும், எனக்குப் பேர் போகும். செஞ்சி பஜாரில் ஒரு டிரைவரின் பேர் கெட்டுவிட்டால் அவனை நம்பிச் சைக்கிளைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்த வாரமும் அப்படியே. ஒரு தடவை வலது லாக்கில் இருக்கும், இன்னொரு தடவை இடது. மணல் அடிக்கப் போகிறவன் ஒரு சக்கரத்துக்கு மட்டும் லாக் போடுவானா அண்ணா என்று கேட்டேன். அவசரத்தில் ஒன்றை ஃப்ரீ பண்ண மறந்திருப்பாய் என்றார். எப்போதும் வெள்ளிக்கிழமை காலையில்தான் இப்படி இருக்கிறது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். வியாழக்கிழமை ராத்திரிதான் மணல் அதிகம் போகிறதென்று பஜாரில் யாரோ சொன்னார்களாம். அதுவும் என் தலையில்தான் விழுந்தது.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? அண்ணியின் தம்பி குமாருக்கு என் டிரைவர் சீட்டின் மேல் வெகுநாளாக ஒரு கண். அவன்தான் திருப்பி வைத்து என்னை மாட்டிவிடுகிறான் என்று நினைத்தேன். அவன் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். என்னை விரட்டுவதற்காக அண்ணனே திருப்பி வைக்கிறாரோ என்றுகூட ஒருநாள் தோன்றியது. சோறு இறங்கவில்லை. அப்போதுதான் கல் யோசனை வந்தது. வியாழக்கிழமை வண்டியை நிறுத்திவிட்டு முன் டயரின் உச்சியில் ஒரு கல்லை வைத்தேன். வண்டி ஒரு சாண் நகர்ந்தாலும் கல் விழுந்துவிடும்.

காலையில் வந்து பார்த்தால் கல் வைத்த இடத்திலேயே இருக்கிறது, திருகு மட்டும் லாக்கில் நிற்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். அண்ணனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து காட்டினேன். "பாருங்கண்ணா, வண்டி நவுரவே இல்ல" என்றேன். அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கல்ல வெச்சது யாரு?"

"நான்தான்."

"அப்ப போய்ட்டு வந்து திரும்ப வெக்கிறதுக்கு உனக்கு எம்மா நேரம் ஆவும்?"

சாவியைக் கேட்டார். இடுப்புக் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். முடிச்சு இறுகியிருந்ததால் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு சேற்றில் இறங்கினால், நான் "லாக்கு" என்று சொன்ன பிறகும் அவர் சுற்றி வந்து என் சக்கரத்தைப் பார்ப்பார். கையால் தொட்டும் பார்ப்பார். நானும் அவர் பக்கம் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு கிறுக்கர்கள் வண்டியைப் பிரதட்சிணம் செய்வதாகக் கொல்லைக்காரர்கள் சிரித்தார்கள்.

கடைசியில் அண்ணன் பாண்டிச்சேரிக்குப் போய் வண்டிக்கு ஆட்டோ ஹப் போட்டுக்கொண்டு வந்தார். இறங்கவே வேண்டாம். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குமிழ், அதைத் திருப்பினால் முன் சக்கரங்கள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். பழைய திருகுகள் கோணியில் கிடந்தன. சக்கரத்தின் நடுவில் இப்போது வெறும் மழமழ மூடிதான். செலவோடு செலவாகப் புது டயரும் போட்டு, ஸ்பிரிங் பட்டையையும் ஏற்றி, வண்டி ஓர் அடி உயர்ந்து நின்றது. பஜாரே வந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்கு மட்டும் அந்தக் குமிழின் மேல் துளி நம்பிக்கை இல்லை. பூட்டியதா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாத பூட்டு என்ன பூட்டு?

முதல் வெள்ளிக்கிழமை வந்தது. நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் காபி டம்ளரோடு வாசலில் நின்றார். அண்ணி குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து முன் சக்கரத்துக்கு எதிரில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"இங்க இருந்த வட்டம் எங்க? அதுல ஒரு கோடு இருக்குமே. கோணலா நின்னா பொட்டு நல்லா இருக்காதுன்னு வாரா வாரம் நான்தான் நேரா திருப்பி வெப்பேன். இப்ப எங்க வெக்கிறது?"

அண்ணன் டம்ளரை வாயருகே கொண்டுபோனார், குடிக்கவில்லை. சக்கரம் எப்படி நின்றதோ அதற்கேற்ப அண்ணி திருப்பியிருக்கிறார். சில வாரம் அது லாக்கில் போய் நின்றிருக்கிறது, சில வாரம் இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் ஈரம் காயாத குங்குமத்தை இரண்டு பேரும் பார்த்தோம். பார்த்துக்கொண்டே, திருப்பியது யார் என்று கேட்டோம். அண்ணி வண்டியைத் தொடுவார் என்பது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் ஏறவில்லை. விஷயம் தெரியாத அவர் மூடியின் மேல் பொட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் நான் வண்டியை நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது அண்ணன் சாவியை நீட்டினார். "இது உன்னாண்டயே இருக்கட்டும்" என்றார். நீட்டிய கையைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு வேறொன்று கோணலாக நிற்கும். அப்போதும் இந்தச் சாவிதான் எனக்கு எதிராகப் பேசும்.

"வேணாண்ணா. உங்களாண்டயே இருக்கட்டும்."

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் நின்றுவிட்டேன். கொஞ்ச நாள் வேறு வண்டி ஓட்டி, பிறகு கடன்பட்டு இந்தப் பிக்கப்பை வாங்கினேன். இதிலும் குமிழ்தான். திருகு கிடையாது, இறங்க வேண்டிய வேலையும் கிடையாது. இருந்தும் தினமும் காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் முன் சக்கரத்துக்கு எதிரில் போய்க் குந்திப் பார்க்கிறேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று எனக்கே தெரியும். என் டிரைவர் டில்லி, கேட்டுக்கு வெளியிலிருந்தே பேச்சை ஆரம்பித்துவிடுகிறவன், மாமியார் சண்டையிலிருந்து மாட்டுச் சந்தை வரை ஒன்று விடமாட்டான். அவன் இதை எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தானோ. போன வாரம் டிரைவர் சீட் பின்னால் தள்ளியிருந்ததைக் கண்டு, ராத்திரி வண்டி எங்கேயாவது போனதா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். இல்லை என்றான்.

இன்றைக்கு டயர் மேல் கல்.

டில்லியிடமே இருக்கட்டும் என்று, ஆணியில் தொங்கிய இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தேன். நீட்டினால் அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாதா? சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன். டில்லி வந்தான். முதலில் டயரைப் பார்த்தான். கல் அங்கேயே இருந்தது. பிறகு என்னைப் பார்த்தான்.

"போலாமாண்ணா?" என்றான்.

ஒரு வாரமாக அவன் என்னிடம் பேசுவது இவ்வளவுதான்.