அக்காவின் ஏழு கோடியே சொச்சம்

என் அக்கா சாவி வெட்டுபவள். பூட்டைப் பார்த்தால் கை பரபரக்கும். எண்ணைப் பார்த்தால் தலைகால் புரியாது. எங்கள் கடைக்கு 73939133 என்று தொலைபேசி எண் கிடைத்ததும், மேசை மேல் ஏறாத குறைதான்.

"டேய், இது பகா எண்டா. ஒண்ணையும் இதையும் விட்டா வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. கடைசி மூணை எடுத்துடு, அப்பவும் பகா எண். இன்னொண்ணை எடு, அப்பவும். வெறும் ஏழு மிஞ்சுற வரைக்கும் இப்படித்தான்."

"சாவிக்கு நாலு பேர் நிக்கிறாங்க," என்றேன்.

தகரத்தில் எண்களை வெட்டிக் கடை போர்டில் அடித்தவர் பக்கத்துத் தெரு போர்டுக்காரர். வலது மூலையில் மாடிக் குழாய் சொட்டும். ஆணி துருப்பிடித்து, கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தது. எனக்கு வியாபாரக் கவலை. வாடிக்கையாளர் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவார்? அவளோ ஒவ்வொன்று விழும்போதும் வாசலில் நின்று, "பாரு, இப்பவும் உடையல," என்று குதூகலித்தாள். 73939 மட்டும் மிஞ்சியபோது நானே போர்டுக்காரரை வரச் சொன்னேன்.

மனுஷனுக்கு அக்கா மேல் கொள்ளை ஆசை. தெருவுக்கே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாதென்று நினைத்திருந்தேன். விழுந்ததையெல்லாம் திரும்ப அடித்துவிட்டு, கடைசியில் தன் பங்குக்குப் பளபளவென்று ஒரு பித்தளை 1 சேர்த்தார்.

"பெரிய நம்பர்னா உங்களுக்குப் பிடிக்குமேன்னு..." என்று ஏணியில் நின்றபடியே வழிந்தார்.

அக்கா இலக்கங்களைக் கூட்டினாள். முப்பத்தொன்பது. "போச்சு. மூணால வகுபடுது."

அவர் முகம் சுண்டிப்போனது. அவள் விடவில்லை. அந்த ஒன்றுக்குப் பதில் வேறு எதை வைத்தால் பகா எண்ணாகவே நிற்கும் என்று கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மூன்றும் ஒன்பதும்தான் கடைசிவரை சண்டித்தனம் செய்தன. அவையும் உடைந்ததும், "இதுக்குப் பின்னால எதையுமே சேர்க்க முடியாது," என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

போர்டுக்காரர் ஏணியை மடக்கினார். "அப்ப எனக்கும் இடமில்ல," என்றார் மெதுவாக.

"நீங்க என்ன நம்பரா?" என்றாள் அக்கா. "ஏணிய வைங்க. அந்த ஒண்ணக் கழட்டிக் குடுங்க, எனக்கு வேணும்."

அந்தப் பித்தளை 1 இப்போது அவர்கள் இருவரும் குடியிருக்கும் வீட்டுக் கதவில் இருக்கிறது. தெருவில் அது பதினான்காம் வீடு. தபால்காரர் தினமும் திட்டுகிறார்.