டேங்க் மூடியில் குளவிக்கூடு

அரபு நாட்டில் துணி காயவில்லை என்று ஃபோன் கார்டு போட்டுச் சொன்னால் நாகப்பட்டினத்தில் யார் நம்புவார்கள்? என் தங்கச்சி நம்பவில்லை. "அப்புறம், ஒட்டகம் மழையில நனைஞ்சு நிக்குதுன்னு சொல்லுவ" என்றாள். நிஜமாகவே நனைந்துதான் நின்றது. ஓமானில் இந்த சலாலாவில் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் தூறல் விடாது. மொட்டை மலை பச்சையாகிவிடும். கரீஃப் என்கிறார்கள். கடல் சுவர் சுவராக எழும்பும். நம் ஊரில் சித்திரையில் அரசாங்கம் தடை போட்டுப் படகை நிறுத்தும். இங்கே கடலே நிறுத்திவிடுகிறது. பிறந்ததிலிருந்து கடல் பார்த்தவள், அதன் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாயைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

மருமகன் முருகேசன் இங்கே படகு மோட்டார் பழுது பார்க்கிறார். ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. கரீஃப் தொடங்கியதும் மீனவர்கள் மோட்டாரையும் பெட்ரோல் டேங்கையும் அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இந்த வருடம் சயீத் என்கிற கிழவரின் டேங்கில், மூடியையும் உடம்பையும் சேர்த்துப் பிடித்து, ஒரு குளவி மண்கூடு கட்டியது. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை வரும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. எங்கள் சாமி படத்துக்குப் பின்னால் கட்டிய பிறகுதான் எனக்கு மகள் செல்வி வந்தாள். வெள்ளையடிக்க வந்தவனைக்கூட மாமியார் அந்தப் பக்கம் விடவில்லை. செல்விக்குக் கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் குழந்தை இல்லை. டேங்கைச் சுற்றி ஸ்டூல் போட்டுக் காவல் காத்தாள். "குளவிக்கு விசா யாருடி எடுத்தா?" என்று கேலி செய்தேன். ஆனால் நானும் அந்தப் பக்கம் துடைப்பத்தைக் கொண்டுபோகவில்லை.

கடல் அடங்கிய முதல் நாள் சயீத் வலையோடு வந்து நின்றார். டேங்கைச் செல்வியும் முருகேசனுமாக அலுங்காமல் தூக்கிவந்து படகில் வைத்தார்கள். முருகேசன் கயிற்றை இழுத்தார். மோட்டார் இரண்டு தடவை இருமி அடங்கியது. பிளக்கைக் கழற்றித் துடைத்தார். கார்புரேட்டரை இறக்கி ஊதினார். மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"க்யா ஹுவா, முருகேஷ்?" என்ன ஆச்சு என்று சயீத் தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார்.

"பாஞ்ச் மினிட், பாபா" என்று முருகேசன் ஐந்து விரலைக் காட்டினார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெட்ரோல் குழாயில் கையால் அமுக்கி ஏற்றுகிற ரப்பர் குமிழ் ஒன்று உண்டு. அது சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தது.

"மாப்ள, இது ஏன் எந்திரிக்க மாட்டேங்குது?"

அவர் செல்வியை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சும்மா இருங்கத்தை. மூடியில காத்துப் போற ஓட்டைய கூடு அடைச்சிருச்சு. காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் வெளிய வரும்."

"தெரிஞ்சேதான் பிளக்க நோண்டிட்டு இருக்கீங்களா?"

"மூடியத் திருகுனா கூடு ஒடைஞ்சிரும். அப்புறம் அவ மூஞ்சிய யாரு பாக்கறது?"

செல்வி காதில் அது விழுந்துவிட்டது. "ஒடைச்சிருங்க. பாவம், அவரு பொழப்பு போவுது" என்று திரும்பி நின்றுகொண்டாள்.

முருகேசன் ஸ்க்ரூட்ரைவரைக் கையில் எடுத்தாரே தவிர, கூட்டின் பக்கம் கொண்டுபோகவில்லை. என்ன என்று சயீத் கேட்டார். முருகேசன் கூட்டைக் காட்டினார், செல்வியைக் காட்டினார், கையைத் தொட்டில் போல ஆட்டினார். கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. "மப்ரூக், மப்ரூக்" என்று செல்வியை வாழ்த்தினார். அவள் மாசமாக இருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று விளக்க முருகேசனுக்கு அரபி போதவில்லை. எனக்குத் தமிழே போதவில்லை. "கலாஸ்", போதும் விடு என்று கிழவர் ஸ்க்ரூட்ரைவரைப் பிடுங்கி மணலில் செருகினார். விறுவிறுவென்று நடந்துபோய், அன்றைக்குக் கடலுக்குப் போகாத தன் தம்பி படகிலிருந்து வேறு டேங்கை இழுத்து வந்தார். குழாயை மாட்டியதும் குமிழ் உப்பியது. ஒரே இழுப்பில் மோட்டார் உறுமியது. கடைசிப் படகாகப் போனார். போகிற வேகத்திலும் செல்வியைப் பார்த்துக் கை தூக்கினார்.

டேங்க் எங்கள் ஷெட்டிலேயே தங்கிவிட்டது. கரைக்கு வரும்போதெல்லாம் பிள்ளைக்காரிக்கு என்று நல்ல மீனாக ஒன்று கொடுத்துவிடுகிறார். செல்வியும் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறாள்.

போன வாரம் தங்கச்சி ஃபோனில் கேட்டாள். "செல்விக்கு ஏதும் விசேஷம் உண்டாக்கா?"

"ஓமான்ல உண்டு," என்றேன். "நாகப்பட்டினத்துல இன்னும் இல்ல."