நேசையனின் எண்பத்திரண்டு

புல்லே இல்லாத இடத்தில் கோல்ஃப் ஆடுகிறார்கள் என்றால் ஊரில் என்னைக் கேலி செய்வார்கள். மஸ்கட்டிலிருந்து இரண்டு மணி நேரம் உள்ளே, முள்செடியும் சரளைக்கல்லுமாகக் கிடக்கும் எங்கள் மைதானத்தில் அறுபது வருஷமாக அப்படித்தான் ஆடுகிறார்கள். எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர்கள் போட்டது. ஆடுகிறவன் ஒரு பச்சைப் பாய்த்துண்டைக் கையோடு கொண்டுபோய், பந்தை அதன்மேல் வைத்து அடிப்பான். குழி இருக்கும் இடத்துக்கு பிரவுன் என்று பெயர். எண்ணெய் கலந்து, உருளை ஓட்டி இறுக்கிய மணல். போதாததற்குக் காற்று வேறு. நல்ல ஆட்டக்காரனையே அழவைத்துவிடும்.

அந்த பிரவுன்களைப் பதினான்கு வருஷமாகப் பராமரிக்கிறவன் நேசையன், குளச்சல் பக்கத்துக்காரன். மணலில் ஒரு கால்தடம் கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. ஆளில்லாத சாயங்காலங்களில், யாரோ விட்டுப்போன மட்டைகளை வைத்துத் தானாகவே ஆடப் பழகினான். நான் பிக்கப் ஓட்டுகிற மணிமாறன்; அவனுக்குப் பந்து பொறுக்கியவன்.

போன மாதம் மைதானத்தை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். முப்பதாம் தேதியோடு நேசையனின் விசாவும் கலாஸ், முடிந்தது. ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளட்டுமே என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேசையனின் மனைவி புஷ்பமேரி நர்ஸ். கல்யாணமான பதினொரு வருஷத்தில் பத்து வருஷம் அவள் ஜித்தாவில், இவன் இங்கே. போன வருஷம்தான் அவளுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, அங்கேயே ரூவி பக்கம் ஒரு ரூம் எடுத்து, வெள்ளிக்கிழமைகளில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அவள் சம்பளத்துக்குப் புருஷனுக்கு விசா தரமாட்டார்கள். இவன் போனால் மறுபடியும் பிரிவுதான்.

மஸ்கட்டில் புதிதாகத் திறந்த புல்மைதானத்துக்கு ஆள் எடுக்க வந்தார் ஃபவாஸ் சார், கீழக்கரைக்காரர். விசாவோடு பயிற்சி உதவியாளர் வேலை ஒன்று இருந்தது. பதினெட்டுக் குழியையும் எண்பத்திரண்டு அடிக்குள் முடித்தால் அது நேசையனுக்கு. ஒரே ஒரு தடவைதான்.

ஃபவாஸ் சார் கணக்கு எழுதிக்கொண்டு கூடவே நடக்க, நேசையன் காலையிலேயே ஆடத் தொடங்கினான். ஆறாவது குழியில் பந்து கல்லில் பட்டு முள்செடிக்குள் போனது. "மாதாவே, கைவிட்டிராத" என்று வாய்விட்டே கும்பிட்டான். கடைசிக் குழிக்கு வரும்போது எழுபத்தேழு. இன்னும் ஐந்து அடிதான். இரண்டாவது அடியில் பந்து பிரவுனுக்கு மூன்று முழம் வெளியே, கால்தடங்கள் நிறைந்த மணலில் விழுந்தது. அங்கிருந்து ஒன்று, பிரவுனில் இரண்டு. பந்து குழிக்குள் போனது. எண்பத்திரண்டு! நான் துள்ளிக் குதித்தேன்.

ஃபவாஸ் சார் சிரிக்கவில்லை. "நேசையன், அந்த மணல்ல அடிக்கறதுக்கு முன்னாடி, பந்துக்கு எதிர்ல காலால தேய்ச்சு விட்டீங்க. பிரவுனுக்கு வெளிய அது கூடாது. ரெண்டு அடி அபராதம்."

"இல்ல சார். நான் தேய்க்கவேயில்ல. மாதா மேல சத்தியம்."

பொய் சொல்லவில்லை அவன். செய்தது அவனுக்கே தெரியாது.

"மணிமாறன், நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன். "இல்ல சார்" என்றேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அவர் எங்களை அந்த இடத்துக்கே கூட்டிப்போனார். சுற்றிலும் தடங்கள். நடுவில் ஒரு சாண் மட்டும் வழவழவென்று இருந்தது. நேசையன் குனிந்து அதையே பார்த்தான்.

"எனக்க வேலதான் சார்" என்றான் மெதுவாக. "வேற ஆருக்கும் இப்பிடி வராது."

பிறகுதான் உடைந்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு குழியை மட்டும் திரும்ப ஆடவிடச் சொல்லிக் கெஞ்சினான். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எண்பத்துநான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கார் மறைவதற்குள் புஷ்பமேரி கூப்பிட்டாள். மணல் அப்பிய கையோடு போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"எத்தன எடுத்திய?"

"எம்பத்திநாலு."

"எம்பத்திரெண்டு போரும்னுல்லா சொன்னிய? ரெண்டு கூடுதலாட்டு எடுத்திருக்கிய! மாதாவே ஸ்தோத்திரம்! ஏட்டி அகிலா, எங்க வீட்டுக்காரருக்கு வேல கெடச்சாச்சு!"

அங்கே கூட வேலை செய்கிற நர்ஸுகளின் கைதட்டல் கேட்டது. அவள் அழத் தொடங்கினாள். இனிமேல் பிரியவே வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நேசையன் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஆமா மேரி" என்றான். "ரெண்டு கூடுதல்."