ஓட்டுநரின் நீலக் கால்கள்

“இந்த வண்டிய ஓட்டுற பொண்ணு கால எங்கடி வைப்பா?”

என் அம்மா கேட்ட கேள்வி அது. அதற்கான பதிலை மறைக்கப் போய், அம்மாவின் வலது காலில் பாதியைப் போக்கினேன்.

ஆம்... நான்தான். வேறு யாருமில்லை.

ஒரு வருடம் இரண்டு மாதங்களாக இதை யாரிடமும் சொல்லவில்லை. முழுதாக முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதால் இது கொஞ்சம் எளிதாக இருக்கிறது. கோழைத்தனம்தான்.

அம்மா கிள்ளான் நகரில் ஸ்கூல் வேன் ஓட்டியவர். பத்தொன்பது வருடங்கள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியை மிதித்த முதல் ஆள் நான். பொறியியல் படித்தேன், தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எனக்குத் திமிர் இருந்தது என்று இப்போது சொல்லலாம். அப்போது அதைத் தன்னம்பிக்கை என்றுதான் நினைத்தேன்.

என் பொழுதுபோக்கு பிளாஸ்டிக் கட்டைகளால் வண்டிகள் கட்டுவது. சாலையில் ஓடும் வண்டிகள் அல்ல. இன்னும் யாரும் போகாத உலகங்களில் ஓடப்போகும் வண்டிகள். போர்ட் கிள்ளான் சாலையில் கொள்கலன் லோரிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் நான் கட்டியதும் ஒரு லோரிதான்... தூரத்து நிலவொன்றில் பனிக்கட்டிகளை ஏற்றிச் செல்லும் ஆறு சக்கர லோரி. நான்கு மாதங்கள் கட்டினேன்.

இந்தக் கலையில் கடினமானது அளவு. இல்லாத ஒரு வண்டி எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? ஏணியின் படி, கதவு, ஓட்டுநர் இருக்கை... இவற்றை வைத்துத்தான் கண் முடிவு செய்யும். கதவு தப்பினால் முழு வண்டியும் பொம்மையாகிவிடும்.

நான் கணக்குப் போட்டேன். கட்டைகளோடு வரும் மனிதப் பொம்மையின் உயரம் நான்கு சென்டிமீட்டர். மனிதரின் உயரம் நூற்று அறுபது. ஆகவே நாற்பதில் ஒன்று. கொள்கலன், சக்கரம், ஏணி, எல்லாவற்றையும் நாற்பதால் வகுத்தேன். தாளில் ஒரு பிழையும் இல்லை!

ஆனால் அந்தப் பொம்மை மனிதரைப் போன்றதல்ல. குட்டையானது, அகலமானது. உயரத்தில் நாற்பதில் ஒன்று என்றால் தோள் அகலத்தில் இருபதில் ஒன்று. அதைவிட, அதன் முட்டி மடங்காது. உட்கார வைத்தால் கால்கள் நேராக முன்னால் நீண்டு நிற்கும்.

கட்டி முடிக்க ஒரு மாதம் இருக்கும்போது அம்மா வந்து பார்த்தார். குனிந்து, ஒரு கண்ணை மூடி, ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி.

“அம்மா, இது வேன் இல்லமா. எல்லாம் கணக்குப் போட்டுத்தான் செஞ்சிருக்கேன்.”

“கணக்குச் சரியா இருக்கும்லா. உக்காந்து பாத்தியா?”

“யாரு, நானா?”

“அந்தப் பொம்மைய உக்கார வச்சுப் பாருடி, சுகு.”

நான் வைத்துப் பார்க்கவில்லை. ஏன் தெரியுமா? அம்மா சொன்னார் என்பதற்காகவே வைத்துப் பார்க்கவில்லை! ஆறாம் ஆண்டு படித்த ஒருவர் என் அளவைத் திருத்துவதா? இப்படி ஒரு நினைப்பு எனக்குள் ஓடியது. இதை எழுதும்போது விரல்கள் கூசுகின்றன. ஆனால் ஓடியது உண்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அம்மா வேன் ஓட்டும்போது அடிக்கடி குனிந்து தன் காலைப் பார்ப்பார். கால் சரியான மிதியில்தான் இருக்கிறதா என்று. அம்மாவுக்கு இனிப்பு நீர் நோய், அதாவது நீரிழிவு, வந்து பல வருடங்களாகிவிட்டன. பாதத்தில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது. நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன்... பார்த்துவிட்டு என் போனைப் பார்த்தேன்.

இத்தகைய வண்டிகளுக்கான போட்டிக் கண்காட்சி ஒரு சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில். நான் பதிந்துகொண்ட பிரிவுக்கு ஒரே விதி: வண்டி அந்தப் பொம்மையின் அளவுக்கு இருக்க வேண்டும், பொம்மை முழுதாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டும்.

அன்று காலை, வாசலில் வேன் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, கதவருகே தரையில் உட்கார்ந்து முதல் தடவையாகப் பொம்மையை உள்ளே வைத்தேன்.

கால்கள் முட்டின. ஒரே ஒரு குமிழ் அளவு இடம் போதவில்லை. கட்டைகளின் தலையில் இருக்கும் அந்தச் சின்னக் குமிழ்... அவ்வளவுதான்! ஆனால் ஒரு குமிழ் நீட்டினால் முன் அச்சு நகர வேண்டும், அச்சு நகர்ந்தால் சக்கரம், சக்கரத்தோடு ஏணி, கொள்கலன்... நான்கு மாத வேலை.

அம்மா கேட்டது சரி. என் கணக்கு தப்பு.

நான் பொம்மையின் இடுப்பைத் திருகிக் கால்களைக் கழற்றினேன். இரண்டும் சேர்ந்த ஒரே நீலத் துண்டு, கட்டைவிரல் நகம் அளவு. இடுப்புக்கு மேலே உள்ள உடலை மட்டும் இருக்கையில் நிறுத்தினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் நடுவர்கள் கூரையைத் திறந்து பார்ப்பார்கள். ஆகவே கூரையைப் பசை போட்டு ஒட்டினேன்.

கட்டைகளோடு பழகியவர்களுக்குத் தெரியும், பசை போடுவது எங்களிடையே எவ்வளவு இழிவான செயல் என்று. மற்றவர்களுக்கு எப்படி விளக்குவது... சதுரங்கக் காயை ஆணியடித்து நிறுத்துவது போல.

“மணி ஆச்சுலா! ஜாம் ஆயிரும், வா!” அம்மாவின் குரல் வாசலில் கேட்டது.

பதறி எழுந்தேன். மடியிலிருந்து நீலத் துண்டு விழுந்தது. காலணிகள் வரிசையாக இருந்த இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். தரையில் விழுந்த சத்தம் அல்ல. எதற்குள்ளோ விழுந்த சத்தம்.

நான் கேட்டேன். தெளிவாகக் கேட்டேன். குனிந்து தேடியிருந்தால் அரை நிமிடம். ஆனால் தேடும்போது அம்மா உள்ளே வந்து, “என்னடி தேடுற?” என்று கேட்பாரே! தொலைந்தது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா எப்போதும் செருப்புதான் போடுவார். அன்று மட்டும், மகள் படம் பிடித்துக்கொள்ளும் இடம் என்பதால், சாக்ஸும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய புதுக் கறுப்புச் சப்பாத்தும். என் கண் முன்னால்தான் போட்டுக்கொண்டார். வலது கால் உடனே நுழையவில்லை. கட்டைவிரலை விட்டு அழுத்தினார், நுழைந்தது. “புதுசு... இறுக்கமா இருக்கு” என்று சிரித்தார்.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை அந்தக் காலால்தான் வேனை ஓட்டினார். நாள் முழுக்க என் மேசைக்குப் பக்கத்தில் அந்தக் காலில்தான் நின்றார்.

மதியம் ஏற்பாட்டாளர் ஒருவர், தொப்பை குலுங்கச் சிரிக்கிற மனிதர், அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். “ஆன்டி, வீட்டுல இந்தக் கட்டைய மிதிச்சு எத்தன தடவ டான்ஸ் ஆடியிருக்கீங்க? எங்க வீட்டம்மா டெய்லி திட்டுறாங்க!”

“நானும் நெறைய மிதிச்சிருக்கேன் தம்பி. எனக்கு வலிக்கவே இல்லையே!”

“ஆ, ஆன்டிக்கு இரும்புக் கால்லா!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நடுவர் வந்தார். கூரையைத் தொட்டுப் பார்த்தார். “இது தெறக்காதா?”

“உள்ள வயரிங் இருக்கு அங்கிள். தெறந்தா கழண்டுரும்.” பொய்.

“ஆள் முழுசா உக்காந்திருக்கா?”

“முழுசா இருக்கு.” பொய்.

அவர் தயங்கினார். அப்போது அம்மா முன்னால் வந்தார். “சார், என் மக இஞ்சினியர். அளவு தப்பாது. நானே சந்தேகப்பட்டுக் கேட்டேன், கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன்னு சொன்னா.”

முதல் பரிசு. படத்தில் அம்மா இடது காலில் சாய்ந்து நிற்கிறார். அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்... காலுக்குத் தெரியாத வலி உடம்புக்குத் தெரிந்ததோ?

மாலையில் வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றியபோது ரத்தம். “சப்பாத்து கடிச்சிருச்சு” என்றார். மஞ்சள் வைத்துக் கட்டினார். திங்கட்கிழமை வழக்கம்போல் செருப்போடு வேன் ஓட்டப் போனார்.

இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல். மருத்துவமனையில் காயத்தின் கட்டைப் பிரித்தபோது வந்த நாற்றத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இளம் மருத்துவர் ஒருத்தி, தமிழ்ப் பெண், கேட்டாள்: “ஆன்டி, சப்பாத்துக்குள்ள கல்லு கில்லு ஏதாச்சும் இருந்துச்சா? சும்மா கடிச்ச மாதிரி இல்ல. குழியா இருக்கு.”

“ஒண்ணும் இல்லம்மா. புதுச் சப்பாத்து, அதான்.”

மருத்துவர் என்னைப் பார்த்தாள்.

அந்தக் கணத்தில் ‘டக்’ என்ற சத்தம் என் காதில் மறுபடி கேட்டது.

அன்று வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டு, வலது சப்பாத்தைக் கவிழ்த்து உதறினேன். நீலக் கால்கள் விழுந்தன. ஒரு முனையில் காய்ந்த பழுப்புக் கறை.

கழுவினேன். என் பணப்பையில் வைத்தேன். இன்றுவரை அங்கேதான் இருந்தன.

முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து முன்பாதத்தை எடுத்தார்கள். வலது கால்... வேனை நிறுத்தும் கால். வேன் இப்போது அம்மாவின் தோழி மேரி அக்காவிடம். காலையில் எங்கள் வீட்டைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹார்ன் அடிப்பார். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வேனிலிருக்கும் பிள்ளைகளின் தலைகளை எண்ணுவார். “பதினொண்ணுதான் இருக்கு... அந்தக் கடைசி வீட்டுப் புள்ள இன்னிக்கு வரலையே.”

சத்தம் கேட்டும் தேடாததைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அதையும் கேளுங்கள்.

சுங்கை பூலோவிலிருந்து பெரியம்மா பார்க்க வந்தார். வந்ததும் வராததுமாக அம்மாவைப் பிடித்துக்கொண்டார். “இனிப்பு நீர் இருக்கிறவ புதுச் சப்பாத்து போடலாமா? அறிவு வேணாம்? ஸ்டைல் கேக்குதா இந்த வயசுல?”

அம்மா தலைகுனிந்தார். “ஆசப்பட்டுட்டேன்கா. படத்துல நல்லா இருக்கட்டும்னு... என் தப்புதான்.”

நான் தேநீர்த் தட்டை ஏந்தி வாசற்படியில் நின்றேன். ஒரு வார்த்தை போதும். பணப்பை என் அறையில், பத்தடி தூரத்தில். நான் தேநீரை வைத்துவிட்டு, “பெரியம்மா, சர்க்கர போதுமா?” என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு அம்மா அதை எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினார். கோயிலில், மருந்தகத்தில், போனில். “என் தப்புதான், ஆசப்பட்டுப் போட்டேன்.” ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

போன மாதம் அம்மா திடீரென்று கேட்டார்: “அந்த நெலா லோரி எங்கடி? பாத்து நாளாச்சு.” அலமாரியிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன். ஜன்னல் வழியாக ஒரு கண்ணால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட தன் காலை மெல்லத் தடவிக்கொண்டே, “பாவம், இவளாவது ஓட்டட்டும்” என்றார்.

அன்றிலிருந்து என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

என்னை மன்னியுங்கள் என்று கேட்கமாட்டேன். உங்களுக்கு அந்த உரிமை இல்லை, எனக்கும் இல்லை. இனிப்பு நீர்தான் காரணம், அந்தத் துண்டு இல்லாவிட்டால் வேறொன்று என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்தத் துண்டுதானே உள்ளே இருந்தது!

இன்று காலை அம்மா குளிக்கப் போனபோது, கத்தியால் நெம்பி அந்தக் கூரையை உடைத்தேன். பசை போட்ட இடம் பிளந்து இரண்டு கட்டைகள் நொறுங்கின. கூரையில்லாத லோரியை, உள்ளே காலில்லாத ஓட்டுநரோடு, அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்து மேசையில் வைத்தேன். அம்மா தினமும் நாலு மணிக்குத் தமிழ்ப் பத்திரிகை படிப்பார். அதற்கு முன் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் தொடவே மாட்டார். லோரி ஏன் இங்கே இருக்கிறது என்று அவர் நினைக்கலாம், கண்ணாடி இல்லாமல் உள்ளே இருப்பது தெரியாது.

கண்ணாடிக் கூட்டுக்குள் நீலக் கால்களை வைத்தேன். கூடவே ஒரு தாள். பெரிய எழுத்தில்:

‘அம்மா, இது உங்கள் வலது சப்பாத்துக்குள் இருந்தது. அன்று காலையில் கீழே விட்டது நான். சத்தம் கேட்டும் தேடவில்லை. உங்கள் தப்பு ஒன்றுமில்லை. சுகு.’

பிறகு ரயில் ஏறி வேலைக்கு வந்துவிட்டேன். நேரில் சொல்லும் துணிவு இன்னும் எனக்கு வரவில்லை.

இப்போது மணி நாலே கால். அலுவலக ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போகிறது. போனை மேசைமேல் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.