பல்கனியில் ஒரு சூரியத் தகடு

மத்தியானம் தாண்டினால்தான் எங்கள் பல்கனிக்கு வெயில் வரும். கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைக்கு ஒரு தெரு தள்ளி, நான்காம் மாடியில் உள்ள வாடகை வீடு. நானும் கணவரும் மட்டும். நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். இரண்டு மணிக்கு வெளிச்சம் கம்பிகளுக்குள்ளால் நுழைந்து, என் மேசைக் கால்வரை வந்து, மனமில்லாமல் திரும்பிப் போகும்.

ஜெர்மனியில் இருக்கும் தம்பி ஒருநாள் வீடியோவில் தன் பல்கனியைக் காட்டினான். கம்பியில் கருநீலத் தகடு ஒன்று சாய்ந்திருந்தது.

"பிளக்கைச் சுவரில குத்தினால் சரி, அக்கா. இஞ்ச கனபேர் வச்சிருக்கினம். பில் குறையும்."

கொழும்புக்கு வந்த அவனுடைய நண்பர், தகட்டில் பிறக்கும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சின்னக் கருவியைக் கொண்டுவந்து தந்தார். தகட்டை நாங்கள் இங்கேயே வாங்கினோம். அது லிஃப்டுக்குள் நுழையவில்லை. இருவரும் தூக்கிக்கொண்டு படியேறினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் கண்ணாடிக்குள் ஒரு துண்டு வானமும் எங்களோடு ஏறி வந்தது.

எல்லாவற்றையும் பல்கனிக் கம்பியில் பொருத்திப் பூட்டி நான் பிளக்கைக் கையில் எடுத்தபோது கணவர் தடுத்தார்.

"இஞ்சாரும், முதல் ஒருக்கால் கேட்டுப் பாப்பம்."

மின்சார அலுவலகத்தில் இருந்த அதிகாரி, பில் யாருடைய பெயரில் என்று சிங்களத்தில் கேட்டார். வீட்டுக்காரரின் பெயரில் என்றேன். கூரையில் பூட்டுவதற்கு விண்ணப்பம், பரிசோதனை, புது மீட்டர் எல்லாம் உண்டு, வீட்டுக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்.

"ஒற்றைத் தகட்டைச் சுவரில் குத்த எங்களிடம் படிவமே இல்லை, மிஸ். அனுமதி இல்லாமல் லைனோடு எதையும் இணைக்கவும் கூடாது."

"கரண்ட் போனால் இது தானாக நின்றுவிடுமாம்" என்று கையோடு கொண்டுபோன கருவியைக் காட்டினேன்.

"இது நிற்கும். அடுத்த வீட்டுக்காரர் வாங்கும் மலிவான சாமான் நிற்குமா? கம்பியில் கரண்ட் இல்லை என்று நம்பித்தானே எங்கள் ஆள் கம்பத்தில் ஏறுகிறான்."

பிறகு எங்கள் பில்லைப் பார்த்துச் சிரித்தார். "இரண்டு பேர்தானே. குறைவாகப் பாவிப்பவர்களுக்கு யூனிட் விலையும் குறைவு. ஏசி ஓடும் வீடென்றால் போட்ட காசு கெதியாகத் திரும்பும். உங்களுக்கு வருஷக்கணக்காகும்." கருவியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்பித் தரும்போது அவருக்கே கொஞ்சம் கவலை போலிருந்தது.

சில வாரங்கள் தகடு சும்மா சாய்ந்து கிடந்தது. எனக்கு ஏமாற்றம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. தகட்டின் கண்ணாடிக்குள் மேகங்கள் போயின. இரத்மலானை விமான நிலையத்தில் இறங்கும் சிறு விமானம் ஒருமுறை மீனைப் போல் நழுவிப் போனது. பாதி வாக்கியத்தில் பேனையை வைத்துவிட்டு நீலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சமையலறை சுவிட்ச் திருத்த தெமட்டகொடையிலிருந்து வந்த எலக்ட்ரீசியன்தான் வழி சொன்னார்.

"வீட்டு வயரிங்ல கையே வைக்க வேணாம், அக்கா. தகட்டு கரண்ட்லயே ஓடுற ஒரு சின்ன டிசி ஃபேன் வாங்குங்க, கரண்ட் அளவா போக நடுவுல ஒரு பெட்டியப் போட்டு நேரா குடுத்துருவோம்."

"பட்டரி வேண்டாமா?"

"அதுக்கு வேற செலவு. வெயில் இருந்தா சுத்தும், இல்லாட்டி நிக்கும்."

அன்று பின்னேரமே பூட்டினார். வயரைத் தகட்டோடு இணைத்ததும் மின்விசிறி முதலில் தயங்கியது, பிறகு சுற்றத் தொடங்கியது. கணவர் அதன் கீழே பாயை விரித்துப் படுத்தார். கடலுக்கு மேலே ஒரு மேகம் குறுக்கிட்டபோது இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன. மேகம் போனதும் மறுபடி கலைந்து வட்டமாயின. அவர் தூங்கிப்போனார்.

"எவ்வளவு மிச்சம், அக்கா?" என்று அடுத்த மாதம் வீடியோவில் தம்பி கேட்டான்.

"பில்லில ஒண்டும் பெரிசாத் தெரியேல்லையடா."

"அப்ப என்ன லாபம்?"

போனைத் திருப்பி, அசையும் திரைச்சீலையையும், மேசையில் ஒவ்வொன்றாக எழும்பித் தாழும் என் தாள்களையும் காட்டினேன். அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தான்.